படிக்குமுன் கேட்டறிதல்

உத்தியோகமும் குடும்ப பாரமும் உள்ள ஒருவர், மாதத்திற்கு இரண்டு நூல்கள் வீதம், ஒரு மாதமும் தவறாமல் படித்து வருவாரானால், ஐம்பது ஆண்டு காலத்தில் அவர் படித்து முடிப்பவை 1,200 நூல்களே ஆகும். ஒரு சிற்றூரின் கிளை நூலகத்து அலமாரிகளிலேயே இதைவிட அதிகமான நூல்கள் அடுக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். 1977ஆம் ஆண்டில் தொடங்கிச் சென்னையில் நடந்துவரும் புத்தகக் கண்காட்சியிலோ, இரண்டொரு வரிசைகளைச் சுற்றி வருவதற்குள் இத்தனை நூல்களும் நம் கண்ணில் பட்டு மறைந்துவிடும். ஆகவே எதைப் படிப்பது என்ற கேள்வியோடு, எதைப் படிக்காமல் விடுவது என்ற கேள்வியும் வாசகர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது. அதற்கு விடை காண்பதில் விளம்பரமும், பின்னட்டையில் அச்சிட்ட புகழுரையும் செய்யும் உதவியைவிட, அந்நூலை நமக்கு முன்னால் படித்து முடித்த இன்னொரு வாசகர் செய்யும் உதவி பன்மடங்கு பெரிது. ஆயினும் அவ்வுதவி தானாக வந்து சேர்வதில்லை. கேட்கும் முறை அறிந்து கேட்டாலன்றி, தேர்ந்த வாசகர் ஒருவரிடமிருந்துகூட நமக்குப் பயன்படக்கூடிய வார்த்தை ஒன்றும் கிடைப்பது அரிது. அம்முறையை விளக்குவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராய் விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. வாசகருடைய காலத்தை மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டும் என்பது நான்காவது. உலகத்து நூலகர்கள் தம் தொழிலுக்கு ஆதாரமாகப் போற்றும் இவ்விதிகளை நூலகருக்கு மட்டுமே உரியவை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு வாசகர் இன்னொருவரிடம் அபிப்பிராயம் கேட்கும்போதும் இம்மூன்று விதிகளே நிறைவேறுகின்றன. சிறந்த நூல் என்று உலகம் ஒப்புக்கொண்ட நூலாகவே இருக்கட்டும். இந்த வயதில், இந்தப் படிப்போடு, இன்றைய மனநிலையில் இருக்கிற எனக்கு அது உரிய நூலா என்பதை உலகம் சொல்லிவிட முடியாது. என்னையும் அறிந்து, நூலையும் அறிந்த ஒருவரே சொல்ல முடியும்.

நம்மில் பெரும்பாலோர் எப்படிக் கேட்கிறோம் என்பதை முதலில் கவனிப்போம். ஒரு நூலகத்தில், மாலை வேளையில், ஓர் இளைஞர் தி. ஜானகிராமனின் மோகமுள்ளை அலமாரியிலிருந்து எடுத்து, பக்கத்து மேஜையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, "ஐயா, இது நன்றாக இருக்குமா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "நன்றாக இருக்கும், தம்பி. தாராளமாக எடுத்துப் போங்கள்" என்று அவர் சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குத் திரும்பிவிடுவார். அவர் சொன்னது மெய். ஆனால் அம்மெய்யால் இளைஞருக்கு விளைந்த பிரயோஜனம் ஒன்றுமில்லை. அவரே கேள்வியைச் சற்று விரித்து, "ஐயா, கல்கியின் நாவல்களையெல்லாம் ஒரே மூச்சில் படித்தவன் நான். சங்கீதம் எனக்குத் தெரியாது. இதில் சங்கீதம் நிறைய வரும் என்கிறார்கள். ஒரு வாரம் லீவு இருக்கிறது. எடுத்தால் எனக்கு ஓடுமா?" என்று கேட்டிருந்தால், ஆசிரியர் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்.

"சங்கீதம் தெரியாததால் ஒன்றும் கெட்டுப்போகாது, தம்பி. ரங்கண்ணாவிடம் பாபு பாட்டுக் கற்றுக்கொள்கிற இடங்களில் ராகத்தின் பெயரைவிட அந்தக் கிழவருடைய மனசுதான் பெரிதாகத் தெரியும். ஆனால் கல்கியைப் படிக்கிற மாதிரி, அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று ஓடினீர்களானால் நூறு பக்கத்தில் அலுத்துவிடும். தன்னைவிட மூத்தவளான யமுனாவின்மேல் பாபு வைத்த ஆசைதான் கதை. அது ஒரே இடத்தில் நின்று சுழன்றுகொண்டிருக்கும். கும்பகோணத்துத் தெருக்களும் அந்த மனுஷர்கள் பேசுகிற பேச்சும் உங்களுக்குப் பிடித்துப்போனால் கீழே வைக்க மாட்டீர்கள். லீவில் படிக்க வேண்டிய புஸ்தகம்தான்."

இரண்டு விடைகளையும் சொன்னவர் ஒருவரே, நூலும் ஒன்றே. முதல் கேள்வியில் இளைஞர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில், எதை விரும்பிப் படித்தார், எதில் பரிசயம் இல்லாதவர், எவ்வளவு அவகாசம் உடையவர் என்ற மூன்றையும் சொல்லிவிட்டார். ஆகவே ஆசிரியருக்கு இளைஞரையும் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க முடிந்தது. அபிப்பிராயம் கேட்கப் போகிறவர் முதலில் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதையே இவ்விஷயத்தில் தலையாய விதியாக நான் கருதுகிறேன். விரும்பிப் படித்த நூல்கள் இரண்டையும், பாதியில் நிறுத்திவிட்ட நூல் ஒன்றையும் சொன்னால் போதும். நிறுத்திய நூலைச் சொல்ல நம்மில் பலர் கூசுகிறார்கள். புகழ்பெற்ற நூலொன்றைப் பாதியில் விட்டேன் என்றால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்ற பயம். ஆனால் நம் ரசனையின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை நாம் விரும்பிய பத்து நூல்களைவிட, கைவிட்ட ஒரு நூலும், அதைக் கைவிட்ட இடமுமே அபிப்பிராயம் சொல்பவருக்குத் தெளிவாகக் காட்டும். இதோடு, எதற்காகப் படிக்கப் போகிறோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பொழுதுபோக்கிற்காகக் கேட்பவரும் பரீட்சைக்காகக் கேட்பவரும் ஒரே நூலைப் பற்றிக் கேட்டாலும் பெற வேண்டிய விடைகள் வேறு வேறு.

ஒருவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டறிந்த பிறகே அவருக்குரிய நூலைக் காட்ட முடியும் என்பதற்குத் தமிழுலகில் மிகப் பெரிய சான்று ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். யாரிடம் பாடம் கேட்டீர்கள், என்னென்ன நூல்கள் படித்தீர்கள் என்று முதலியார் வினவ, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கற்ற அந்தாதிகளையும், பிள்ளைத்தமிழ்களையும், கோவைகளையும், புராணங்களையும் ஐயர் வரிசையாக எடுத்துச் சொன்னார். அத்தனை பெயர்களும் முதலியாரிடம் வியப்பையோ திருப்தியையோ உண்டாக்கவில்லை. இவற்றிற்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று தொடங்கி, சீவக சிந்தாமணியின் பெயரை அவர் எடுத்தார். பின்னர்ப் பிரதியையும் தந்து படிக்கச் செய்தார். ஐயர் படிக்கத் தொடங்கியபோது ஜைன சமயச் செய்திகள் வழிமறித்து நின்றன. நச்சினார்க்கினியர் உரையாலும் தீராத அச்சந்தேகங்களை அவர் கும்பகோணத்திலேயே வாழ்ந்த ஜைனர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்துகொண்டார்; அவர்களிடையே சிந்தாமணி அப்போதும் பக்தியோடு படிக்கப்பட்டு வந்தது. 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறியது. 1892இல் சிலப்பதிகாரமும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பில் தொடர்ந்து வெளிவந்தன.

இந்த வரலாற்றில் நம் காரியத்திற்கு வேண்டிய செய்தி இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலியார் தமிழ்ப் பண்டிதராக உத்தியோகம் பார்த்தவர் அல்லர். நியாயஸ்தலத்தில் வழக்குக் கேட்டவர். ஆனால் ஆர்வமுள்ள வாசகர். ஜைன அன்பர்களோ, அந்நூல் தம் வாழ்வோடு ஒட்டியிருந்த காரணத்தால், வித்துவான்களுக்கும் விளங்காததை விளக்கும் நிலையில் இருந்தார்கள். ஆகையால் யாரைக் கேட்பது என்று யோசிக்கும்போது பட்டத்தையும் பதவியையும் பார்ப்பதைவிட, அந்த நூலோடு அவருக்கு உள்ள உறவு எத்தகையது என்று பார்ப்பதே உசிதம்.

நம் முன்னோர் இதை மிகவும் ஆலோசித்திருக்கிறார்கள். நூலாசிரியன் தன் நூலைத் தானே புகழ்தல் முறையன்று என்று கருதிய நன்னூலார், சிறப்புப்பாயிரம் சொல்லத் தகுதியுடையவர்களை வரையறுத்தபோது, ஆசிரியர், மாணாக்கர், உரைகாரர் என்போரோடு, உடன் கற்றவரையும் சேர்த்துச் சொன்னார். ஒரே காலத்தில், ஒரே முயற்சியில் ஈடுபட்ட சக மாணவனுடைய வார்த்தைக்கும் அத்தகைய மதிப்பு உண்டு என்பது அவர் துணிபு. அன்றியும், அப்பாயிரம் தெரிவிக்க வேண்டியவற்றுள், நூலைக் கேட்டற்குரியார் யார், கேட்பதால் வரும் பயன் யாது என்ற இரண்டையும் அவர் வைத்தார். இன்றைய அணிந்துரைகளில் பல இவ்விரண்டையும் விட்டுவிட்டு, ஆசிரியரோடு தமக்குள்ள நட்பை விரித்துரைப்பதோடு நின்றுவிடுகின்றன; தாட்சண்யத்தால் எழுதப்படுபவை அப்படித்தான் இருக்க முடியும். அணிந்துரை சொல்லாமல் விட்டதைத்தான் நாம் சக வாசகரிடம் கேட்கிறோம். அவருக்கு ஆசிரியரிடமும் பதிப்பகத்தாரிடமும் எந்தக் கடப்பாடும் இல்லை.

ஆயினும் ஒருவருடைய அபிப்பிராயத்தை ஏற்பதற்கு முன்னால் அவரைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். இருவரும் முன்பே படித்துள்ள நூல்கள் இரண்டு மூன்றைப் பற்றிப் பேச்சுக்கொடுத்து, அவருக்கு அவற்றில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று கேட்டுக்கொள்வதே அச்சோதனை. அவருடைய ரசனை நம்முடைய ரசனையோடு ஒத்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. மாறாமல் ஒரு நிலையில் இருந்தால் போதும். எனக்குப் பிடித்தவை அனைத்தும் பிடிக்காத நண்பர் ஒருவர் இருப்பாரானால், அவர் அலுப்புத் தட்டுகிறது என்று சொல்லும் நூலை நான் நம்பிக்கையோடு எடுக்கலாம். இன்று ஒரு காரணத்திற்காகப் புகழ்ந்து, நாளை அதே காரணத்திற்காக இகழ்கிறவரிடமிருந்துதான் ஒன்றும் பெற முடியாது.

திடமான ரசனை உள்ளவர்களிடம் திடமான சாய்வும் இருக்கும் என்பதை மறந்துவிடலாகாது. திருநெல்வேலியில் தம் இல்லத்து முற்றத்தில் அன்பர்களைக் கூட்டிக் கம்பனைப் பாடிக் காட்டி, வட்டத்தொட்டி என்ற பெயராலேயே புகழ்பெற்ற அக்கூட்டத்தின் மூலம் எத்தனையோ பேரைக் கவிதைக்கு ஆட்படுத்தியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். கவிதையின் உருவத்தையும் பாவத்தையும் அவர்போல எடுத்துக்காட்டியவர் சிலரே. அதே சமயத்தில், தம் செவிக்கும் உள்ளத்திற்கும் ஒவ்வாத பாடல்கள் பலவற்றைக் கம்பர் வாக்கு அல்ல, பிற்காலத்தார் செருகியவை என்று தள்ளியவரும் அவரே. அதற்காகப் புலவர்கள் பலர் அவரோடு மாறுபட்டார்கள். அவர் சுட்டிய பாடலை ஆவலோடு படிக்கலாம். அவர் தள்ளிய பாடலை நாமே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வலிய ரசிகர்கள் எவரிடத்திலும் இப்படி நடந்துகொள்வதே நல்லது என்பது என் எண்ணம்: அவர்கள் வேண்டும் என்பதை உடனே ஏற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்பதைச் சற்றுத் தாமதித்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாணாக்கரின் வகைகளைச் சொல்லுமிடத்து அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டு உவமைகளை நன்னூலார் அடுக்குகிறார். அபிப்பிராயம் சொல்வோரை இனங்காண்பதற்கும் அவை பெரிதும் உதவுகின்றன. ஒவ்வொரு செடியிலும் ஒரு வாய் கடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும் ஆட்டைப்போல, எந்த நூலிலும் பத்துப் பக்கம் பார்த்துவிட்டு எல்லாவற்றைப் பற்றியும் பேசுவோர் உண்டு; இவர்களிடம் ஒரு நூல் எப்படித் தொடங்குகிறது என்பதை மட்டும் கேட்கலாம், எப்படி முடிகிறது என்பதைக் கேட்கலாகாது. நெய்யை ஒழுகவிட்டுக் கசண்டைத் தாங்கி நிற்கும் நெய்யரியைப்போல, எண்ணூறு பக்க நூலில் அச்சுப்பிழை நாலையும் ஆண்டுக்கணக்கில் நேர்ந்த தவறு ஒன்றையும் மட்டும் நினைவில் வைத்திருப்போர் உண்டு. பதிப்பு செப்பமானதா என்று அறிவதற்கு இவர்களைவிடத் தகுந்தவர் இல்லை. நூலைப் பற்றிய தீர்ப்பை மட்டும் இவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது.

ஒரு நூலை விரும்பியவரை விசாரிப்பதோடு நின்றுவிடாமல், விரும்பாதவர் ஒருவரையும் தேடி விசாரிக்க வேண்டும். அவரிடம் கேட்கத்தக்க கேள்வி, ஏன் பிடிக்கவில்லை என்பதைவிட, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பதே. ஏன் என்று கேட்டால் மனிதர்கள் காரணங்களைத் தயாரித்துச் சொல்வார்கள்; எங்கே என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். தாராசங்கர் வங்காளியில் எழுதி, த. நா. குமாரஸ்வாமி தமிழில் தந்த ஆரோக்கிய நிகேதனத்தைப் பற்றி, நாடி பார்த்து மரணத்தை முன்னறிந்து சொல்லும் வைத்தியர் நோயாளிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறார், கதை நகரவில்லை என்று நிறுத்திவிட்டேன் என்று ஒருவர் சொல்லக்கூடும். வீட்டில் முதியவர் ஒருவரின் நோயைக் கிட்டத்தில் இருந்து பார்த்த வாசகருக்கு அதே வார்த்தை அந்நூலை உடனே எடுக்கத் தூண்டுவதாக அமையும். குறையாகச் சொல்லப்பட்டது, கேட்பவரின் நிலைக்கேற்பக் குணமாக மாறிவிடுகிறது.

ஒரு நூலைப் பற்றி வாசகர்கள் இரு பிளவாகப் பிரிந்து சண்டையிடுவார்களானால் அந்தச் சண்டையையே அபிப்பிராயமாகக் கொள்ளலாம். 1966ஆம் ஆண்டில் ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது, கெடுக்கப்பட்ட மகளின் தலையில் நீரூற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிற தாயை ஏற்றுக்கொண்டவர்களும், அக்கதையையே அநாசாரம் என்று ஏசியவர்களுமாகத் தமிழ்நாட்டு வாசகர்கள் பிரிந்து நின்றார்கள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து ஆசிரியர் பின்னர் எழுதிய நாவலே, 1972இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற சில நேரங்களில் சில மனிதர்கள். அக்காலத்து வாசகர் ஒருவர், கண்டித்த தரப்பில் மட்டும் விசாரித்துவிட்டுக் கதையைப் படிக்காமல் விட்டிருந்தால், அவர் இழந்தது சிறிதன்று. இரு தரப்பும் உரக்கப் பேசும் நூலை நாமே படித்துவிடுவது மேல். எல்லோரும் ஒரே குரலில், ஆனால் மெல்லிய குரலில், பரவாயில்லை என்கிற நூலைப் பற்றித்தான் மேலும் விசாரிக்க வேண்டும்.

இனி, குறிப்பிட்ட சில வகை நூல்களுக்குக் குறிப்பிட்ட சில கேள்விகள் உண்டு. வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவலானால் அந்த மண்ணைச் சேர்ந்தவரையும், சேராதவரையும் ஒருங்கே கேட்பது பயன் தரும். ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாளைப் பற்றிக் கொங்கு நாட்டாரும், கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமத்தைப் பற்றிக் கரிசல் காட்டாரும், தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதையைப் பற்றிக் குமரி மாவட்டத்தாரும் அதன் பேச்சு மெய்யானதா என்று சொல்வார்கள். வெளியூர்க்காரரோ, எத்தனை பக்கத்தில் அந்தப் பேச்சு தமக்குப் பழகியது என்று சொல்வார். முதல் முப்பது பக்கம் கடினம், பிறகு தடையில்லை என்ற ஒரு வார்த்தை கிடைத்தால், பதினைந்தாம் பக்கத்தில் நிறுத்தியிருக்கக்கூடிய ஒருவர் அந்நூலை முடித்துவிடுவார்.

மொழிபெயர்ப்பானால், மூலமொழியிலிருந்து நேரே வந்ததா, ஆங்கில வழியாக வந்ததா, முழுமையா, சுருக்கமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீண்ட ருஷ்ய நாவல்களைப் படித்தவர்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. டால்ஸ்டாயின் பெரு நாவலை டி. எஸ். சொக்கலிங்கம் போரும் வாழ்வும் என்று தமிழாக்கித் தந்தார். அதை எடுத்தவர்களுள் பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் கதையின் நீளத்தால் நிற்பதில்லை, ஒரே பாத்திரம் குடும்பப் பெயராலும், தந்தை பெயரோடு சேர்த்தும், செல்லப் பெயராலும் மாறிமாறி அழைக்கப்படுவதால் ஆள் அடையாளம் தெரியாமல் நிற்கிறார்கள். முடித்தவரைக் கேட்டால், ஒரு தாளில் பெயர்களையும் உறவுகளையும் எழுதிப் புத்தகத்தின் நடுவிலேயே செருகி வைத்துக்கொள்ளுங்கள் என்பார். இவ்வகை யோசனையை எந்த மதிப்புரையாளரும் எழுதுவதில்லை. சக வாசகர் ஒருவரே சொல்வார், ஏனெனில் அவரும் அந்தத் தொல்லையைப் பட்டவர்.

பழைய நூல்களில் எந்தப் பதிப்பு, எந்த உரை என்ற கேள்வியே முதன்மையானது. திருக்குறளைப் படிக்க விரும்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், இப்போது கிடைக்கும் பழைய உரைகளுள் காலத்தால் முந்திய மணக்குடவரைக் காட்டுவதா, பரிமேலழகரைக் காட்டுவதா, 1949இல் வெளிவந்த மு. வரதராசனாரின் தெளிவுரையைக் காட்டுவதா என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது. பரிமேலழகரை முதலில் எடுத்து, இலக்கணக் குறிப்புகளிலும் வடநூல் மேற்கோள்களிலும் மூச்சுத்திணறிக் குறளையே மூடிவைத்தவர்கள் ஏராளம். மு. வ.வில் தொடங்கி, பொருள் விளங்கிய பிறகு பரிமேலழகரிடம் வந்தவர்களோ அவர் உரையின் நுட்பத்தை அநுபவிக்கிறார்கள். அதிகாரத்திற்குள் குறள்களின் வரிசை உரைக்கு உரை மாறும் என்ற சிறு செய்தியைக்கூட முன்னதாக யாராவது சொல்லாவிட்டால், இரண்டு உரைகளை ஒப்பிட்டுப் பார்க்க முயலும் புதியவர் குழம்பிப்போவார். பொன்னியின் செல்வனைப் பற்றியும் இப்படியே. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அக்கதையைப் பல வீடுகளில் வாராவாரம் கத்தரித்து, மணியத்தின் சித்திரங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார்கள். இன்றோ பல பதிப்பகங்கள் பல வடிவங்களில் அச்சிட்டிருக்கின்றன, சுருக்கங்களும் கடைகளில் இருக்கின்றன. ஐந்து பாகங்களும் முழுமையாக உள்ள பதிப்பா என்று கேளாமல் வாங்குவது தவறு.

எவ்வளவு சொல்லவிடுவது என்ற அளவும் கேட்பவர் கையில் இருக்கிறது. இராமாயணத்தைக் கேட்கச் சென்ற எவருக்கும் இராவணன் முடிவு தெரியாமல் இருந்ததில்லை. கதை தெரிந்ததால் கம்பனின் சுவை குறைந்ததும் இல்லை. ஆனால் துப்பறியும் கதைக்கும், மர்மத்தை முடிச்சாகக் கொண்ட சரித்திர நாவலுக்கும் அந்த நியாயம் பொருந்தாது. ஆகையால் கேள்வியோடு சேர்த்தே, "கதையைச் சொல்லிவிடாதீர்கள், எப்படிப்பட்ட நூல் என்பதை மட்டும் சொல்லுங்கள்" என்று பணிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது. உற்சாகமான வாசகர்கள் பேச்சு வேகத்தில் முடிவைக் கொட்டிவிடுவதுண்டு. அவர்கள் மேல் குற்றமில்லை, முன்கூட்டிச் சொல்லாதவர் மேல்தான் குற்றம்.

வாய் திறவாமல் அபிப்பிராயம் சொல்லும் வாசகர்களையும் கவனிக்கலாம். பொது நூலகத்து நூலின் பின்புறம், திருப்பித்தர வேண்டிய தேதிகளை முத்திரையிடுவதற்கென்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். அதில் தேதிகள் நெருக்கமாக விழுந்திருந்தால் அந்நூல் கைமாறிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். ஆண்டுகளாக ஒரு முத்திரையும் இல்லாத நூல் கெட்ட நூல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடித்தட்டில் கண்ணுக்குப் படாமல் கிடந்திருக்கலாம். பக்கங்களின் நிலையும் ஒன்றைச் சொல்லும். முதல் ஐம்பது பக்கங்கள் கைபட்டு மங்கி, மிச்சமுள்ளவை அச்சகத்திலிருந்து வந்த வெண்மையோடு இருந்தால், முன்னால் எடுத்தவர்கள் எங்கே நின்றார்கள் என்பது தெரிந்துவிடும். ஓரங்களில் பென்சிலால் எழுதுவதை நூலகங்கள் தடுக்கின்றன, தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே யாரோ எழுதிவிட்ட குறிப்பைப் படிப்பதில் தோஷமில்லை.

சமையல், வைத்தியம், விவசாயம், கணக்கு வைத்தல் போன்ற உபயோக நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படித்தவரைக் கேளாமல், அதன்படி செய்து பார்த்தவரைக் கேட்க வேண்டும். 1951இல் முதலில் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் இத்தனை காலம் வீடுகளில் நிலைத்திருப்பதற்குக் காரணம், அதைப் பார்த்துச் சமைத்தவர்கள் அடுத்தவரிடம் சொன்ன வார்த்தையே.

கவிதை நூலுக்கும் சிறுகதைத் தொகுதிக்கும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட, நடுவில் திறந்து ஒன்றைப் படித்துவிடுவது சுலபம். மௌனியின் கதைகளைப் போன்றவற்றிற்கு மட்டும், எந்தக் கதையிலிருந்து தொடங்குவது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். அதேபோல, ஒரு நூலைப் பற்றி மூவரைக் கேட்டபின் நான்காமவரைத் தேடிப் போவது வீண். அதற்குள் நாற்பது பக்கம் படித்திருக்கலாம். க. நா. சுப்ரமண்யம் தாம் விரும்பிய நூல்களை அறிமுகம் செய்து எழுதிய நூலுக்குப் படித்திருக்கிறீர்களா? என்றே பெயர் வைத்தார். இப்படி நூல்களைப் பற்றிய நூல் ஒன்றைக் கையில் வைத்திருப்பது, பேசிக் கலந்துகொள்ள அருகில் வாசகர் எவரும் இல்லாத ஊரில் வாழ்பவருக்குப் பெரிய துணை.

கேட்டு முடித்தபின் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அநேகமாக அனைவரும் விட்டுவிடுவது அதுவே. அபிப்பிராயம் சொன்னவரிடம் திரும்பிச் சென்று, படித்தேன், நீங்கள் சொன்ன இன்ன இடம் அப்படியே இருந்தது, இன்ன இடத்தில் எனக்கு வேறாகப் பட்டது என்று தெரிவிக்க வேண்டும். அவர் சொல்லியும் நமக்குப் பிடிக்காமல் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த தடவை நமக்கு எதைச் சொல்லலாம் என்பதை அவர் அதிலிருந்துதான் அறிந்துகொள்வார். நம்மிடம் வேறொருவர் வந்து கேட்கும்போது, படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், பாதி படித்திருந்தால் பாதி படித்தேன் என்றே தொடங்கி, அவர் யார், என்ன விரும்புகிறார் என்று விசாரித்துவிட்டுப் பிறகு விடை சொல்ல வேண்டும். இந்த நூலைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களும் கடைசியாக யாருடைய சொல்லைக் கேட்டு ஒரு நூலை எடுத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், இந்த வாரத்திற்குள் நேரிலோ, ஓர் அஞ்சல் அட்டையிலோ, அந்நூல் உங்களுக்கு எப்படி இருந்தது என்று தெரிவித்துவிடுங்கள்.